துருப்பிடிக்காத ஒரு போளை

பன்றிக் கொழுப்பு ஒட்டியிருந்த ஒரு சிகரெட் டின்னை, எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த ஒரு பெண்ணின் பெட்டிக்குள் நான் வைத்தேன். அது என்னுடைய டின். அதற்குள் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அகப்பட்டால் யார் தலையில் விடியும் என்பதும் தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. சலுகை கேட்பதற்காக வயதைச் சொல்லவில்லை. அந்த வயதில் நான் குர்ஆனை ஓதி முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் வயதுக்காரர்கள் நீங்கள் கூடியிருந்து கெட்டப்போலில் கல் வைத்து அணிலும் குருவியும் அடித்த கதைகளைப் பேசும்போது உங்கள் முகங்களில் ஒரு வெளிச்சம் வருகிறது. நான் எழுந்து போய்விடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு வாடை வருகிறது. கெட்டுப்போன கொழுப்பும் ரேஷனில் வந்த கூப்பன் அரிசியும் மழையில் ஒன்றாகக் கிடந்து நாறிய வாடை. அந்த மழைக்காலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாப்பா மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்றவர். வீடு அலுவிகாரைக்குப் போகும் பக்கம், கொக்கோத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. காய் பழுக்கும் பருவத்தில் அணில்கள் கொக்கோக் காய்களில் துளை போட்டு உள்ளிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சிவிடும். துளை விழுந்த காய் கறுத்து, புளித்து, புழு வைத்து மரத்திலேயே தொங்கும். அணில் விரட்டுவது விடுமுறையில் என் வேலை. கொய்யாக் கவட்டையில் லொறி டியூப் ரப்பரைக் கட்டி, பழைய செருப்புத் தோலை நடுவில் வைத்து, எனக்கு ஒரு கெட்டப்போல் இருந்தது. காயவைத்த களிமண் உருண்டையால் அடித்தால் அது பாதி வழியிலேயே உடைந்துவிடும். கூழாங்கல் கோணலாகப் போகும். உருண்டை இரும்புப் போளைதான் சொன்ன இடத்துக்குப் போகும்.

வாப்பாவின் கடைக்குப் பின்னால் ஒரு கராஜ் இருந்தது. அங்கே வேலை செய்த மெக்கானிக் பாஸுக்கு பீடியும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தால், தேய்ந்த பேரிங்கைச் சுத்தியலால் உடைத்து உள்ளே இருக்கும் போளைகளை என் கையில் கொட்டுவார். கறுத்த கிரீஸில் ஊறிக் கிடக்கும். எனக்கோ அவை பளபளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் போட்டு அலசி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, சாரத்தின் நுனியால் துடைத்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம் வளைந்து தெரிந்தது. அவை அதுவரை போர்த்திருந்த ஒரே கவசத்தை நானே உரித்துவிட்டேன் என்று அன்று தெரியவில்லை.

மாத்தளையில் வருஷக் கடைசி மழை எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவர் வியர்க்கும். தோல் செருப்பில் பூஞ்சணம் பச்சையாக முளைக்கும். குசினியில் உப்பு தண்ணீராகும். என் போளைகளில் முதலில் துரு வந்தது என் விரல்கள் பட்ட இடங்களில்தான். ரேகை ரேகையாகப் பழுப்பு. சாம்பலுக்குள் புதைத்தேன். சாம்பல் ஈரத்தைக் குடித்து அவற்றின் மேல் பிசினாக ஒட்டியது. கருவாட்டைக் கெடாமல் வைத்திருப்பது உப்புத்தானே என்று உப்பில் போட்டேன். மறுநாள் பார்த்தபோது உப்பே சிவந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவினேன். அது சிக்குப் பிடித்து, எறும்பு வந்து, எறும்புக்குப் பின்னால் கரப்பானும் வந்தது.

என் கூட்டாளி அலுவிகாரைச் சிங்களப் பையன். என் கையைத் திறந்து பார்த்துவிட்டு, ஆட்டுப் புழுக்கையை எதற்குப் பொறுக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். அணிலுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்தாகக் கொடுக்கலாம் என்றும் சொன்னான். சிரித்து முடிந்த பிறகு, தன் அப்பாவின் வேட்டைத் துவக்கு எந்த மழையிலும் துருப்பிடிக்காது என்றான். அவர் காட்டுப் பன்றிக் கொழுப்பை உருக்கி அதற்குப் பூசுவாராம். பன்றி என்ற சொல்லை அவன் மறைக்கவில்லை. எனக்கு ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அவனே வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, நான் நீட்டிய சிகரெட் டின்னுக்குள் குச்சியால் வழித்துப் போட்டான். மஞ்சளாக, மெழுகு போல இருந்தது. நடுவில் கறுத்த மயிர் இரண்டொன்று முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றன. மூக்கைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் டின்னைக் கீழே போடவில்லை.

துருவை மணலில் தேய்த்துப் போக்கிவிட்டு, போளைகளை டின்னுக்குள் போட்டுத் தென்னை ஈர்க்கால் கிளறினேன். எடுக்கும்போது இலையால் பிடித்துத் துடைத்தேன். விரல் படாதவரை குற்றமில்லை, தின்னாதவரை ஹராமில்லை என்று எனக்கு வசதியாக ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். பிற்காலத்தில் பெரிய மனிதர்கள் பலர் இதே மாதிரிச் சட்டங்கள் இயற்றுவதைப் பார்த்து அருவருத்திருக்கிறேன். எனக்கு அது பதினொரு வயதிலேயே கைவந்திருந்தது.

டின்னை எங்கே வைப்பது? மழைக்காலத்தில் உம்மா நெருப்புப் பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைப்பார். அரிசிக்குள் இருக்கும் குச்சி ஒரே உரசலில் பற்றும். எங்கள் வீட்டிலேயே உலர்ந்த இடம் குசினி அடுப்போரம் இருந்த அரிசிப் பெட்டிதான். மூலையில் ஆழமாகத் தோண்டி டின்னைப் புதைத்தேன். வேலை செய்தது. வெளியே கதவுக் கொண்டி துருவேறிக் கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில் என் போளைகள் வாங்கின அன்று போல மின்னின. நான் அணில்களை அடித்தேன். வாப்பா என்னைக் கடையில் நாலு பேர் முன்னால் பாராட்டினார்.

என் மூத்த சகோதரி ராத்தாவுடைய தையல் மெஷின் லாச்சியை இழுத்தால், உள்ளே ஒரு சின்னப் போத்தல் மெஷின் எண்ணெய் இருக்கும். அதில் இரண்டு சொட்டுப் போதும். அந்த மெஷின் கலியாணத்துக்கென்று வாங்கியது, தொட்டால் கையை முறிப்பேன் என்று உம்மா சொல்லியிருந்தார். அதனால் அதைத் தொடவில்லை. பன்றிக் கொழுப்பைத் தொட்டேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து, புருஷன் செத்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர். இடிப்பது, அரைப்பது, கழுவுவது எல்லாம் அவர் கையில். குசினிக்குப் பின்னால் விறகுக் கொட்டில் ஓரத்தில் பலகை அடித்த ஒரு மூலையில் படுப்பார். பூட்டில்லாத ஒரு தகரப் பெட்டி அவருடையது. எங்கள் வீட்டை விட்டால் அவருக்குத் தோட்டத்து வரிசை வீட்டில் அண்ணனுடைய லயக் காம்பரா ஒன்றுதான். அங்கே அண்ணியோடு ஒத்துப்போகாது என்று அவரே சொல்வார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் எந்த இறைச்சியும் தொடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சியை முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவிக் கொடுப்பார். தன் சோற்றைத் தனிச் சட்டியில் வடித்துக்கொள்வார். வீட்டில் எல்லாரும் வருஷக்கணக்காக இதைப் பார்த்தவர்கள்.

சோறு ஒரு மாதிரி மணக்கத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கூப்பன் அரிசி எப்போதும் ஒரு மாதிரித்தான் மணக்கும். அடுப்புச் சூட்டில் கொழுப்பு இளகி, மூடி இடுக்கு வழியாக அரிசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மட்டும் புரிந்தது. புரிந்துகொண்டே பிசைந்து தின்றேன். வாப்பாவும் உம்மாவும் ராத்தாவும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு அந்த அரிசியைத் தொடவில்லை, மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றார். இந்தச் சோறு இவவுக்கு இறங்காதாம் என்று உம்மா முகத்தைச் சுளித்தார்.

அந்தக் கிழமை ராத்தாவைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது. மணக்கிற அரிசியை அவர்களுக்கு முன்னால் வைக்க முடியாது, பெட்டியை முழுக்கக் கொட்டிப் புடைக்கப் போகிறேன் என்று உம்மா பகல் சாப்பாட்டின்போது சொன்னார். அவர் அஸர் தொழுதுகொண்டிருந்த நேரம் நான் குசினிக்குள் போய் டின்னைத் தோண்டி எடுத்தேன். போளைகளை இலையில் கொட்டிக் கட்டினேன். டின்னில் இன்னும் பாதிக் கொழுப்பு இருந்தது. வேலிக்கு அப்பால் ஓடை, மழை வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. அதில் வீசியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வீச மனம் வரவில்லை. மழைக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது, கொழுப்பு எனக்குத் தேவைப்பட்டது. ஆகவே வீட்டில் யாரும் திறக்காத பெட்டியைத் திறந்து, அக்காவின் சேலைக்கு அடியில் வைத்தேன். வேறு இடம் கிடைக்கவில்லை என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். அகப்பட்டால் எல்லாரும் நம்பக்கூடிய இடம் என்பதாலும்தான் அங்கே வைத்தேன்.

அரிசியில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்ததை உம்மா கண்டார். ஒரு கட்டியில் மயிர் இருந்தது. வாப்பாவைக் கூப்பிட்டார். வாப்பா குனிந்து மோந்து பார்த்து, நிமிர்ந்து, வாசலுக்குப் போய்த் துப்பினார். அக்கா தீபாவளிக்கு லயத்துக்குப் போய் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. பெட்டி திறக்கப்பட்டது.

முழங்கால் வலிக்குப் பூச வைத்திருந்தாயா என்று உம்மா கேட்டார். அக்காவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. டின்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"நான் இதத் தொடவே மாட்டேங்க. எங்க வீட்டுல ஆட்டுக்கறியே ஆக்க மாட்டோம். அம்மாவுக்குத் தெரியாதா?"

"லயத்துல போய் என்ன தின்டாயோ, யாரு கண்டா? ஒங்க ஆக்களுக்கு இதெல்லாம் ஒன்னுதானே."

அக்கா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. சின்னப் பையனாவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வானா என்றுதான் பார்த்தார். நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். நாங்கள் பின்பற்றும் மார்க்க வழியில், எங்கள் மத்ஹபில், சட்டம் அது. அதை எங்கள் வீட்டில் யார் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேலையை விட்டு வெளியே போவதற்கு முன் அதையும் செய்துவிட்டுப் போ என்று அக்காவிடமே சொன்னார்கள். கொட்டுகிற மழையில் கிணற்றடியில் உட்கார்ந்து, கொக்கோ மரத்தடி மண்ணைக் கரைத்து, சட்டி, பானை, அகப்பை, நாங்கள் கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கழுவினார். உம்மா குசினிப் படியில் நின்று உரக்க எண்ணச் சொன்னார். அக்கா எண்ணினார். ஏழு வந்ததும் அடுத்த பாத்திரம், மறுபடி ஒன்று. நான் ஜன்னலுக்குள் நின்று சேர்ந்து எண்ணினேன். அந்தக் குரல் அழவில்லை, நடுங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு வாப்பா செய்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டுப்போன அந்த அரிசியைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்து, "கொண்டு போ. ஒங்களுக்கு இது ஹராம் இல்லையே," என்றார். தான் தாராளமாக நடந்துகொள்வதாகவே அவர் நினைத்தார். முகத்தில் அது தெரிந்தது. அக்கா சாக்கைத் தொடாமல் விலகிச் சுற்றிப்போய், தகரப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தார். சாக்கு வாசலிலேயே கிடந்தது. நஜீஸ், அசுத்தம் என்று வீட்டில் யாரும் தொடவில்லை. மழையில் ஊறி உப்பி, வெடித்து, புளித்து நாறியது. காகம்கூடக் கிட்டே வந்து திரும்பிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்துதான் உள்ளே வந்தார்கள். கலியாணம் தடைப்படவில்லை.

பிறகு அக்காவின் அண்ணன் கடைக்கு வந்து, என் தங்கச்சி என்ன தப்புச் செய்தாள் என்று கேட்டார். சாமான் வாங்க வந்த தோட்டத்து ஆட்கள் சுற்றி நிற்க, வாப்பா எல்லாவற்றையும் உரத்த குரலில் சொன்னார்.

நான் என் போளைகளை ஓடைக்குக் கொண்டுபோய் ஏழு தரம் கழுவினேன், ஒரு தரம் மண்ணால். என் கைகளையும் அப்படியே கழுவினேன். சட்டப்படி சுத்தமாகிவிட்டேன். இரண்டொரு நாளில் போளைகள் அத்தனையும் துருவேறிச் செத்தன. எடுத்து ஓடையில் கொட்டினேன். கெட்டப்போலைப் பிறகு தொடவில்லை. அந்த வருஷம் அணில்கள் மிச்சக் கொக்கோவைத் தின்றன.

படித்து, ஆசிரியர் வேலை கிடைத்து, வாப்பாவை அடக்கமும் செய்த பிறகுதான் எனக்கு அந்தத் தோட்டத்துக்குப் போகத் துணிவு வந்தது. ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. லயத்து வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அக்காவைப் பற்றி விசாரித்தேன். ஒருவனுக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி, "பன்னிநெய்க் கெழவியா?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாப்பா அன்று கடையில் சொன்னது மலையேறி வந்து, அங்கேயே குடியிருந்து, பெயராகியிருந்தது.

அக்கா கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். அவர் கையால் வடித்த சோற்றை அண்ணன் வீட்டில் யாரும் தின்பதில்லை என்று பிறகு தெரிந்தது. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போளை, கொழுப்பு, அரிசி, டின். அவர் முகம் மாறியது. கோபம் அல்ல அது. செத்த எலியைக் காலால் மிதித்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். தாழ்வாரத்து ஓரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆகப்போகுது? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? இந்த லயத்துக்குத்தான் தெரியாது. உங்கப்பா வாயால வந்த பேரு. அவரும் இல்ல, உங்கம்மா வாயாலதான் போகணும்."

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு எழுந்து விறகுக் கொட்டிலுக்குப் போனார். கூரை வளையில் செருகியிருந்த ஒரு துணிச் சுருளைக் குச்சியால் தட்டி விழுத்தினார். குச்சியாலேயே பிரித்தார். மெழுகுபோல விறைத்துப் போன துணி. அதற்குள் ஒரு இரும்புப் போளை. ஒரு புள்ளி துரு இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் என் முகம் வளைந்து தெரிந்தது.

அக்கா போன மறுநாள், காலியான அரிசிப் பெட்டியைத் தானே கழுவக் குனிந்தபோது பலகை இடுக்கில் கண்டெடுத்து, பெட்டியைத் துடைத்த கொழுப்புத் துணியாலேயே சுற்றி வைத்தாராம்.

"மறுநாளே தெரியுமா ஒங்களுக்கு?"

"ராத்தாட கலியாணம் பேசிட்டிருந்த நேரம், மகன். மகனே வீட்டுக்குள்ள பண்டிக் கொழுப்பக் கொண்டு வந்தான்டு யாருக்கிட்டச் செல்ல? வாப்பாக்கும் செல்லல்ல."

"அப்ப ஏன் எறியாம வெச்சீங்க?"

"எறிய மனசு வரல்ல. எறிஞ்சா நானும் சேந்து செஞ்ச மாதிரி."

எறியாமலும் நீங்கள் சேர்ந்துதானே செய்தீர்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்ல நான் யார்? அவர் ஒரு போளையை மறைத்தார். நான் ஒரு டின்னையே மறைத்தவன். அன்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

உம்மா வர மாட்டார் என்றுதான் எண்ணினேன். இரண்டு வெள்ளிக்கிழமை கழிந்து அவரே முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி மலையேறும்போது மூச்சு வாங்கியது, கையைப் பிடிக்க விடவில்லை. கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் கூடைகளோடு திரும்பும் நேரம். லயத்து வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கொழுப்பைக் கொண்டுவந்தது என் மகன். இந்தப் பிள்ளையின் பெட்டியில் வைத்ததும் அவன்தான். மறுநாளே எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இந்தப் பிள்ளை சுத்தமானவள். நரைத்த தலையைப் பார்த்து உம்மா பிள்ளை என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் அண்ணி மட்டும் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

அக்கா உள்ளே போனார். ஒரு பீங்கான் கோப்பையில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து உம்மாவிடம் நீட்டினார். என் உம்மா அதுவரை எந்த லயத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர் அல்ல. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, சூட்டோடு கடைசிச் சொட்டு வரை குடித்தார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இருவர் முகத்திலும், அன்று சாக்கைக் கட்டி வைத்த வாப்பாவின் முகத்தில் இருந்த அதே திருப்தி வந்திருக்க வேண்டும்.

அக்கா கோப்பையை விரல் நுனியால் வாங்கினார். மலைத் தண்ணீர் குழாயாய் விழும் பீலியடிக்குப் போய்க் குந்தினார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விட்டுக் கழுவி, "ஒன்னு" என்றார். பிறகு தேயிலைச் செடியின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தேய்த்து, "ரெண்டு" என்றார். கிணற்றடியில் கேட்ட அதே குரல், அழுகையும் நடுக்கமும் இல்லாமல். உம்மாவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். அவரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏழாவது தரமும் கழுவிய பிறகு, அக்கா அந்தக் கோப்பையை உள்ளே எடுத்துப் போகவில்லை. கழிவுத் தண்ணீர் ஓடும் கானோரத்துக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.